காணாமல் போன முதல் இன்ச்

செப்டம்பர் 9, ராத்திரி

அன்புள்ள அக்கா,

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இன்று மாடி வீட்டம்மா, அம்மா தைத்த ரவிக்கைச் சட்டை தொளதொளவென்று இருப்பதாக நாலாவது தடவையாக அம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள். "கண்ண எங்கடி வச்சுத் தைக்கிறே?" என்று சட்டையை அம்மாவின் முகத்திலேயே எறிந்தாள். அம்மா அளவு நோட்டில் அவள் பக்கத்தைக் கிழித்து, சட்டையோடு மேஜையில் வைத்து, "இனிமே உங்களுக்குத் தைக்க மாட்டேம்மா" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து, அம்மா பையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. 2-லிருந்துதான் எண்கள் வருகின்றன. 1-ஐக் காணோம்!

லீவில் விளையாடும்போது டேப்பின் நுனி கிழிந்துபோனது. அடிக்குப் பயந்து, கிழிசலை வெட்டிவிட்டுத் தகர முனையைத் திரும்ப மாட்டியது நான்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு டேப். இந்தப் பை டேப், வீட்டுக்கே வந்து அளவெடுக்கச் சொல்லும் மாடி வீட்டம்மாவுக்கு மட்டும். 35 இருந்தால் 36 காட்டியிருக்கிறது. கடை டேப்பை வைத்து வெட்டினால் தொளதொளக்காமல் என்ன செய்யும்?

அந்த அம்மா சொன்னது நிஜம் அக்கா. நான் என்ன செய்வேன்?

உன் வாலு

செப்டம்பர் 13

அடி வாலு,

இரண்டு தடவை படித்தேன். ஆனால் நீ வாயைத் திறக்காதே. இரண்டு வருஷமாக அம்மாவைப் படிக்கட்டில் நிற்க வைத்தாளே, அது போதாதா? எப்படியோ தொலைந்தாள். டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 18, ராத்திரி

அன்புள்ள அக்கா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. குப்பைத் தொட்டி வரை போனேன், மனசு வரவில்லை.

அம்மா இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். அடிக்கவில்லை. "மூணு தடவ பிரிச்சுத் தைச்சேனேடி" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சரியாக அளவெடுத்துச் சட்டையை வாங்கி வந்தாள். இன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். கச்சிதம்! மாடி வீட்டம்மா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே. அடுத்த வாரம் இன்னும் மூணு துணி தர்றேன்."

"அளவு தப்பு எங்களோடதுதாம்மா, மன்னிச்சிருங்க. கூலி வேண்டாம். இனிமே வேற ஆளப் பாத்துக்கங்க."

"அதான் சரியாயிடுச்சே!"

"மூஞ்சில எறிஞ்சீங்களே, அது டேப்போட தப்பு இல்லையேம்மா."

அம்மா காலிப் பையை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

படி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நடுங்கியது என் கை இல்லை, அக்கா.

உன் வாலு