அனலில் காட்டிய டிரம்

பம்பாய்
20.1.1983

அன்புள்ள செந்தாமரைக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமா? ஜவ்வாது மலையில் பனி குறைந்ததா?

இங்கே படகுப் பட்டறையில், பழங்கால டிரம் செட் ஒன்றைப் பார்த்து, படகு செய்யும் அதே ஃபைபர்கிளாஸில் புதிதாகச் செய்கிறோம். முதல் டிரம் முடிந்ததும், நம்மூரில் பறை காய்ச்சுவதுபோலத் தோல் இறுகட்டும் என்று வைக்கோல் கொளுத்தி அனலில் காட்டினேன். அது பிளாஸ்டிக் தோலாம், சுருண்டுபோனது! வேலூர்க்கார மேஸ்திரி ஓடிவந்து நெருப்பை அணைத்தார். "இன்னாய்யா, அப்பளமா சுட்ற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நம்மூரில் அந்த நெருப்பைப் பார்த்தாலே எல்லோரும் வந்து நிற்பார்கள்.

ஃபைபர் தூள் பட்டுக் கை அரிக்கிறது. கொல்லை வேலைக்கு நீ சேலைமேல் போட்டுக்கொள்ளும் என் முழுக்கைச் சட்டையைப் பார்சலில் அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன். சட்டையைத் துவைக்காதே, அப்படியே அனுப்பு.

கோபால்சாமி