வலப்பக்கத்தில் இல்லாத வரி

இன்று மதியம், உன் தங்கை கொடுத்துவிட்டுப் போன உன் லேப்டாப்பைத் திறந்தேன். எடிட்டர் நீ விட்டுப்போனபடியே இரண்டாகப் பிரிந்து வந்து நின்றது. இடப்பக்கம் நாம் எழுதிய நிரல். வலப்பக்கம் அதையே கம்பைலர் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிய அசெம்பிளி. இடது வரி ஒன்றைத் தொட்டால், அதற்குரிய கட்டளைகள் வலப்பக்கம் மஞ்சளாகும். வெளியே தூறல், மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. நம் வேங்கிக்கால் மாடியறையில், பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதுபோலவே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அந்த வலப்பக்கம் பிடிக்காது. “பாதி ஸ்கிரீனை முழுங்குதுடா” என்று மூடுவேன். நீ சிரித்துக்கொண்டே திறப்பாய். “நீ சொன்னது இந்தப் பக்கம். அதுக்குப் புரிஞ்சது அந்தப் பக்கம். ரெண்டையும் பாக்க வேணாமா?”

கீழ்பென்னாத்தூர் பெரியவர் பம்புசெட்டுக்கு நாம் செய்த போர்டு, கரண்ட் வந்ததும் சிறிது பொறுத்துத்தான் மோட்டாரை ஓடவிட வேண்டும். அது பொறுக்கவே இல்லை. கரண்ட் வந்த வேகத்தில் மோட்டார் இழுத்து, ட்ரிப் ஆகி நின்றது. “மல்லாட்ட காயுது தம்பி” என்று வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டிப் பதறினார். போர்டுக்குள் ஏற்றிய நிரலில் காத்திருக்கும் வரியை நான்தான் எழுதியிருந்தேனே! துளியும் யோசிக்காமல், “ஒயரிங்லதாங்க கோளாறு” என்றேன். ஒயரிங் உன் வேலை. நீ பக்கத்திலேயே நின்றாய்.

பைக்கில் திரும்பும்போது நீ ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாய். மலை கிட்டே வருவதும் விலகுவதுமாக இருந்தது. அறைக்கு வந்ததும் என் வரியைத் தொட்டுக் காட்டினாய். வலப்பக்கம் எதுவுமே மஞ்சளாகவில்லை. நேரம் கடத்த, சும்மா ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டிரு என்று எழுதியிருந்தேன். எண்ணி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கம்பைலர் அதையே தூக்கிவிட்டிருந்தது. “எழுதினே மச்சி. ஆனா போய்ச் சேரல” என்றாய். அவ்வளவுதான். நீ சத்தம் போட்டிருந்தால் தேவலாம்.

மறுநாள் திருத்திய நிரலை ஏற்றினோம். மோட்டார் பொறுத்து ஓடியது. என்ன கோளாறு என்று பெரியவர் கேட்டார். “ஒயர்தாங்க. மாத்திட்டேன்” என்றாய். நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. சற்று முன் பெரியவர் போன் செய்தார். அவர் அண்ணன் கிணற்றுக்கும் ஒரு போர்டு வேண்டுமாம். “இந்த வாட்டி ஒயரிங்க நல்லா பாத்து பண்ணுப்பா. அந்தத் தம்பி கோட்டை விட்ட மாதிரி வேணாம்.”

“ஒயரிங் சரியாத்தாங்க இருந்துச்சு. தப்பு என்னுது. எனக்காகத்தான் அவன் ஒயர்னு சொன்னான்” என்றேன்.

“அவன் உயிரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கலாமேப்பா” என்றார்.

“ஆமாங்க” என்றேன். போனை வைத்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.