அந்தியில் கண் மறைந்த காவலர் பொருட்டுக் கழுகுப்பாறைக் கோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் சிறக்க. மழை தவறாது பொழிக. நீள்வயல் நாட்டின் மலையும் துறையும் ஒருங்கே ஆளும் மன்னர் பெருமான் திருமாறவேளின் ஆணைப்படி, முதலமைச்சர் பூதங்குடியார் எழுதுவிப்பது. வடவெல்லை காக்கும் கழுகுப்பாறைக் கோட்டைத் தலைவரும், மூன்று போர்களில் மன்னருக்குக் கேடயமாய் நின்றவருமான அரிமான் சாத்தனார் அவர்களுக்கு மன்னரின் வாழ்த்தும் அரசவையின் வணக்கமும் உரியனவாகுக. தங்கள் கோட்டையும், அதன் அடிவாரத்து ஊர்களும், ஆநிரைகளும் நலமுற்று வாழ்க.

தாங்கள் விலங்கிட்டு அனுப்பிய வாயிற்காவலன் செங்கோடன் தலைநகர் வந்து சேர்ந்தான். அந்திப் பொழுதில் அயல்நாட்டுக் கள்வர் முல்லைக்குடி ஆநிரையைக் கவர்ந்து கோட்டைக்குக் கீழேயே ஓட்டிச் சென்றதையும், தடுத்த இடையர் ஒருவர் வெட்டுண்டு இறந்ததையும், காவலில் நின்ற இவன் முரசறையாது இருந்ததையும் தங்கள் ஓலையால் அறிந்தோம். கண்ணிருந்தும் காணாதவனுக்குக் கண் எதற்கு என்று சினந்து, இவன் கண்களைப் பறிக்கத் தாங்கள் மன்னரின் இசைவு கேட்டிருந்தீர்கள்.

அவையில் நிறுத்தியபோது செங்கோடன் தலை நிமிரவில்லை. கையூட்டு வாங்கினானா என்று கேட்டதற்கு இல்லை என்றான். பின் ஏன் முரசறையவில்லை என்றதற்கு, நின்றபடியே உறங்கிவிட்டதாகவும், எந்தத் தண்டனைக்கும் உடன்படுவதாகவும் கூறினான். உயிருக்கு மன்றாட வந்தவன் போல அவன் பேசவில்லை. விரைவில் முடித்துவிடுங்கள் என்பவன் போலப் பேசினான். மன்னரும் தங்கள் தீர்ப்பை ஏற்கும் நிலையில்தான் இருந்தார்.

விளக்கேற்றும் நேரமாயிற்று. காவலர் அவனை வெளியே நடத்திச் சென்றபோது, அவையின் படிக்கட்டில் அவன் கால் வெறுங்காற்றைத் துழாவியது. அடுத்த படி எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவினான். எல்லோரும் அச்சத்தால் தடுமாறுகிறான் என்று எண்ணினர். அரண்மனை மருத்துவர் உமையாழ்வியார் மட்டும் எழுந்து சென்று, அவன் முகத்துக்கு நேரே விரல்களை அசைத்துப் பார்த்தார். அவன் இமைக்கவில்லை. இவனுக்கு மாலைக்கண் நோய் என்று அவர் மன்னரிடம் தாழ்ந்த குரலில் தெரிவித்தார்.

உடனே அவனைத் தனியறைக்கு அழைத்து, ஏன் மறைத்தாய் என்று மன்னரே வினவினார். அவன் சொன்னதை அவன் சொல்லாகவே இங்கு எழுதுவிக்கிறோம்:

“சபையிலே அந்த மாட்டுத் திருடனுங்க நாட்டுத் தூதர் உக்காந்திருந்தாருங்க. எனக்கு மட்டுமில்ல, கோட்டையிலே பாதிப்பேருக்கு அந்தியானா கண்ணு தெரியாது. அது அவர் காதிலே விழுந்தா மறுநாளே படை வந்துடும். என் கண்ணு போனாலும் கோட்டை நிக்கட்டும்னு நெனச்சேன்.”

அந்த அந்தியில் நடந்ததையும் அதன்பின் சொன்னான். மாட்டு மணிகள் ஒலித்தது அவனுக்குக் கேட்டதாம். பொழுது சாயும் வேளையில் மாடுகள் வீடு திரும்புவது வழக்கம்தானே என்று அவன் மனம் நிறைந்து நின்றிருந்தானாம். அவை வீட்டை விட்டுப் போகின்றன என்பதை விடிந்த பிறகே அறிந்தான். இறந்த இடையரின் பெயரைச் சொல்லும்போது அவன் அழுதான்; தன் கண்களைப் பற்றிப் பேசியபோது அழவில்லை.

இந்நோய் காவல் சத்தியத்தை மீறியவர்க்கு வரும் சாபம் என்று தங்கள் வீரர்கள் நம்புவதால், ஒருவர் நிலையை ஒருவர் அறிந்தும் வாய்விடாது மறைத்தே வாழ்ந்தனர் என்பதும் தெரிந்தது. உமையாழ்வியார் இதைக் கேட்டு மிக வருந்தி மன்னர் முன்னிலையில் கூறியது: ஈறு கசியும் மாலுமியோ, குளிர்சுரத்தில் நடுங்கும் உழவரோ, வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையோ, யார் படுத்தாலும் என்ன பாவம் செய்தார்கள் என்றே நாம் முதலில் கேட்கிறோம். என்ன உண்டார்கள், எந்த நீரைக் குடித்தார்கள், எங்கே உறங்கினார்கள் என்று கேட்பதில்லை. பிறகு அவர் செங்கோடனிடம் உணவைப் பற்றிக் கேட்டார். மழை பொய்த்தது முதல் மலையில் கீரை இல்லை, மாடுகளுக்குப் பால் வற்றியது, ஆடுகளும் மடிந்தன. பழைய அரிசிக் கஞ்சியும் புளிநீருமே எல்லோருக்கும் உணவு என்றான். நோயின் வேர் அங்கேதான் இருந்தது.

அன்று முதல் முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பாலும் ஆட்டு ஈரலும் அவனுக்குக் கொடுக்கப்பட்டன. பிறை வளர்ந்து தேய்வதற்குள், ஓர் அந்தியில் அரண்மனைத் தோட்டத்தில் நின்றவன், புளியமரத்துக்குத் திரும்பும் கொக்குகளைப் பார்த்துக் கைநீட்டினான். எத்தனை என்று மருத்துவர் கேட்டார். எண்ணத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினான்.

ஆதலின் மன்னர் ஆணையிடுவது: செங்கோடன் குற்றமற்றவன். விலங்கு நீக்கப்பட்டு அவன் தன் காவலிடத்துக்குத் திரும்புகிறான். வழியில் முல்லைக்குடி சென்று இறந்த இடையரின் மனைவியைக் காண அவன் வேண்டினான், மன்னர் இசைந்தார். அக்குடும்பம் இனி அரசின் பொறுப்பில் வாழும். இவ்வோலையுடன் கறவை மாடுகளும் ஆடுகளும் கீரை விதைகளும் முருங்கைக் கொம்புகளும் வருகின்றன. வீரர்கள் தேறும்வரை அந்திக் காவலுக்குச் சமவெளியிலிருந்து பார்வையுள்ளோர் வருகின்றனர். நோயைச் சொன்னதற்காக எவரையும் வேலையிலிருந்து நீக்கலாகாது, இகழவும் கூடாது.

அரிமான் சாத்தனார் அவர்களே, தாங்கள் வீரர்களின் கலத்திலேயே கஞ்சி உண்பவர் என்பதை மன்னர் நன்கறிவார். தலைவருக்கும் அந்தியில் கண் மங்குமோ என்று செங்கோடனிடம் கேட்டோம். அவன் நிலத்தைப் பார்த்தான். மேலும் கேட்க வேண்டாம் என்று மன்னர் தடுத்துவிட்டார். முதல் கலம் பாலைத் தாங்கள் அருந்த வேண்டும். இது வேண்டுகோளன்று, ஆணை.

இரட்டைக் கயல் முத்திரை இட்டோம். இவ்வோலை தங்கள் கண்ணுக்கு மட்டுமே உரியது. கதிர் நன்கு மேலேறிய பின்னரே இதைத் தங்கள் கையில் சேர்க்குமாறு செங்கோடனுக்குச் சொல்லியிருக்கிறோம்.