ஏரிக்கரையில் விட்ட குருத்துப்பூச்சிகள்

3.10.2024

காலை எண்ணிக்கை இருபத்து மூன்று. பெண் பதினான்கு, ஆண் ஒன்பது.

விளக்குப்பொறி வந்து நான்கு நாள் ஆகிறது. வேளாண் உதவி அலுவலர் ஏஞ்சலின் நேரில் வந்து, என் வயல் வரப்பில் கம்பம் நட்டுப் பொருத்தித் தந்தார். பகலெல்லாம் வெயிலைச் சேர்த்து வைத்து, இருட்டியதும் தானே எரிகிறது. கீழுள்ள தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விழும் குருத்துப்பூச்சி மூழ்கிவிடும் என்று சொல்லிப் போனார். நான் தட்டைக் கழற்றிவிட்டு வலைப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். விளக்கில் பூச்சி விழுந்து மாளலாகாது என்பதற்காகவே பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் சமணக் குலம் எங்களுடையது. அருகனைத் தொழும் கையால் கொலைத்தட்டு வைப்பது எங்ஙனம்?

ஆயினும் எண்ணிக்கை வேண்டும். எந்த வாரத்தில் எத்தனை தாய்ப்பூச்சி பறக்கிறது என்று தெரிந்தால், கவரைப்பேட்டைச் சுற்றுவட்டத்தார் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடிக்க மாட்டார்கள். சிலந்தியும் தட்டானும் தவளையும் பிழைக்கும். எண்ணுவேன், கொல்லேன். இதில் எனக்கு ஐயமே இல்லை.

எண்ணி முடித்தபின் பெட்டியைச் சுமந்து ஏரியின் கீழ்க்கரைக்கு நடந்தேன். தொழிற்சாலை மதிலை ஒட்டிக் கோரையும் நாணலும் மண்டிய இடம். அங்கே திறந்துவிட்டேன்.

மருமகள் நர்மதா, ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும்: "இன்னா மாமா, பூச்சிக்கு லாட்ஜு நடத்துறீங்களா?"

4.10.2024

முப்பத்தொன்று.

9.10.2024

பெண்ணின் முன்சிறகு மஞ்சள்; நடுவே மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி. வாற்பக்கத்தில் மஞ்சள் மயிர்க்கொத்து. இலையின் நுனியில் முட்டைகளைக் குவித்து இட்டு, தன் மயிரையே உதிர்த்து அவற்றின்மேல் போர்த்துகிறது. ஆறேழு நாளில் புழு வெளிவரும். தண்டைத் துளைத்துப் புகும்; குருத்து காயும். ஒரு திங்கள் உள்ளிருந்தே தின்று, தண்டின் அடியில் கூட்டுப்புழுவாய் அடங்கி, மீண்டும் சிறகோடு எழும். இக்குளிர்ச்சியில் ஏறத்தாழ ஐம்பது நாளுக்கு ஒரு சுற்று.

ஏஞ்சலின் தந்த கையேட்டில் இன்று படித்த ஒரு செய்தி என்னை நெடுநேரம் இருத்திவிட்டது. சிறகு முளைத்தபின் இப்பூச்சி எதையும் உண்பதில்லையாம். உண்ணத்தக்க வாய் அதற்கு வாய்க்கவேயில்லை. நாலைந்து நாள் வாழ்வு, அத்தனையும் நோன்பு. பயிரைத் தின்றது புழுவாய்க் கிடந்த முற்பிறவி. உணவைத் துறந்து வந்த ஒரு நாலறிவுயிரைக் கொல்ல எந்த ஆகமம் இடம் தரும்? நான் செய்வது சரியே.

14.10.2024

கீழ்க்கரையில் குணசுந்தரி அம்மாளைப் பார்த்தேன். கரைச்சரிவுக்குக் கீழே எண்பது சென்ட் அவருடையது. ஆறு ஆண்டு தரிசாய்க் கிடந்தது. கணவர் அப்பாவு மறைந்தபின் இந்தச் சம்பாவுக்குத்தான் தனியாளாய் நின்று திருத்தி நட்டிருக்கிறார். வீட்டில் மூன்று பேருக்கு ஆண்டுச் சோறு அதுதான். அந்தப் பக்கம் வேறு நெல் கிடையாது.

என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனாரே, பூச்சிய வாக்கிங் இட்டுனு போறீங்களா?"

"கோரையில் போய் இருக்கட்டும், அம்மா."

"இருக்கட்டும் இருக்கட்டும். எங்க ஊட்டு அட்ரஸ் மட்டும் குடுத்துடாதீங்க."

நானும் சிரித்தேன்.

18.10.2024

ஒன்பதே ஒன்பது. பூச்சி ஒழிந்தது என்று கடைத்தெருவில் பேச்சு. ஒழியவில்லை. நேற்று பௌர்ணமி. வானமெங்கும் ஒளி நிறைந்திருக்க, என் சிறு விளக்கை நாடி எது வரும்? தேய்பிறையில் பாருங்கள் என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

26.10.2024

நூற்றுப் பதினெட்டு. சொன்னேன் அல்லவா?

ஏஞ்சலின் தொலைபேசியில் வியந்தார். ஐப்பசி மழைக்காற்றும் ஈரமும் இதற்கு உகந்த பருவம். இன்னும் ஒரு வாரம் ஏறும், பிறகு இறங்கும் என்றேன். என் வயலில் காய்ந்த குருத்து நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரு சொட்டு மருந்தில்லை. அறம் பயிரையும் காக்கும்.

1.11.2024

நேற்று ஊருக்குத் தீபாவளி. எங்களுக்கு இது இறைவன் வீடுபேறு எய்திய நாள். பெட்டியில் தொண்ணூற்றிரண்டு. அவற்றைத் திறந்துவிட்டபோது, இந்நாளுக்கு இதனினும் தக்க வழிபாடு இல்லை என்று மனம் நிறைந்தது.

17.11.2024

குணசுந்தரி அம்மாள் விடியும் முன்பே வாசலில் நின்றார். கையில் நாலைந்து நெற்குருத்து. அத்தனையும் வைக்கோல் நிறம்.

"இழுத்தா அப்டியே கையோட வருது நைனாரே. நேத்து நாலு, இன்னிக்கு பாத்தா கரையோரம் பூரா காஞ்சிகினு கீது. பூச்சி சங்கதி உங்களுக்குத்தான தெரியும். வந்து பாருங்களேன்."

சென்றேன். வரிசையாய் இருபது குத்து எண்ணினேன். கரையோரத்தில் நூறு தூருக்கு முப்பத்து நான்கில் குருத்து காய்ந்திருக்கிறது. நடுவயலில் பன்னிரண்டு. மறுகோடியில் ஐந்து. ஒரு தண்டைப் பிளந்தேன். மங்கிய மஞ்சள் உடல், பழுப்புத் தலை. அதுவேதான்.

"மருந்து அடிச்சா கேக்குமா?"

"புழு தண்டுக்குள் புகுந்தபின் எளிதில் கேளாது, அம்மா."

பதில் சரிதான். வேறொன்று உறுத்துகிறது. கரையோரம் ஏன் முப்பத்து நான்கு? மறுகோடியில் ஏன் ஐந்து?

18.11.2024

ஏஞ்சலினை அழைத்தேன். கோரையிலும் நாணலிலும் இப்பூச்சி முட்டையிடும் அல்லவா என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. இது நெல்லைத் தவிர எதையும் தொடாது. கோரைல விட்டாலும் பக்கத்துல நெல்லு எங்கன்னு தேடிப் போயிடும்." சற்று நிறுத்தி, "ஏன் ஐயா? தட்டுல சோப்புத் தண்ணிதான வெச்சிருக்கீங்க?"

இல்லை என்றேன்.

விளக்குக்கு வரும்போது முட்டையிட்டு முடித்திருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். எந்தக் கையேட்டிலும் அப்படி இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன் — இல்லை.

குறிப்பைக் கூட்டினேன். நாற்பத்தாறு காலை. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. பாதிக்கு மேல் பெண்.

நானே தூக்கினு போனேனே. தினம் காலைல. அந்த அம்மா கண்ணெதிர்ல தொறந்து உட்டேனே. அதுங்க நோன்பு இருக்குதுங்கன்னு நெனச்சேன், அதுங்க பெத்துப் போடுறது நோன்பு இருக்குமா? படிச்ச புத்தி எங்க போச்சு?

என் வயல் பிழைத்தது அறத்தாலன்று. என் பூச்சிகளையெல்லாம் நான் அவர் வயலில் கொண்டுபோய்ச் சேர்த்ததால்.

19.11.2024

குணசுந்தரி அம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

அவர் களை பறித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டபின்பும் நிமிரவில்லை. பிறகு, "அப்போ உங்க ஊட்டுப் பாவத்த எங்க ஊட்ல கொண்டாந்து கொட்டினீங்க," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வெச்சினு நான் சோறு வடிக்க முடியுமா நைனாரே? நீங்க கொல்ல மாட்டீங்க, சரி. எம் பயிரு செத்தா அது யாரு கணக்கு?"

எழுபத்து நான்கு வயதில், இத்தனை நூல் ஓதியபின், அவர் அருகே குனிந்து நானும் களை பறித்தேன்.

20.11.2024

உண்ணா நோன்பு. பகல் முழுதும் இருந்து எண்ணினேன்.

கை கொல்லவில்லை என்பதால் கொலை இல்லாமற் போகாது. என் கையைத் தூயதாய் வைத்துக்கொள்ள, வினையைப் பிறர் வயலுக்குப் பெயர்த்தேன். அருள் என்று பெயரிட்டது என் செருக்கு. இனி நேர்வது என் கையாலேயே நேரட்டும்; வினையும் என் கணக்கிலேயே ஏறட்டும். அதற்குரிய கழுவாயை நானே நோற்பேன். ஜினாலயத்தில் மார்கழி முழுதும் பதிகம் ஓதுவிக்கும் பொறுப்பு என்னுடையது. இவ்வாண்டு வேறொருவர் ஓதுவிக்கட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

தெளிவு வந்துவிட்டது. செய்ய வேண்டியதும் தெரிகிறது. ஐப்பசி நடுவில் இட்ட முட்டைகள் மார்கழிப் பிறப்பையொட்டிச் சிறகாகும். அவர் பயிர் கதிர் விடுவதும் அப்போதே. அந்தத் தலைமுறை முட்டையிட்டால் குருத்தன்று, கதிரே போகும். மணியில்லா வெண்கதிராய் நிற்கும். இருபத்தைந்து நாள் இருக்கிறது. போதும்.

21.11.2024

விளக்கைப் பெயர்த்து அவர் வரப்பில் நட்டேன். தட்டில் நீர், சோப்பு.

22.11.2024

நாற்பத்தொன்று. எல்லாம் மிதந்தன. ஒவ்வொன்றாய் எண்ணினேன். பார்வையைத் திருப்பவில்லை.

26.11.2024

ஐந்து நாளாய் நானும் அவரும் காய்ந்த குருத்துள்ள தூர்களை அடியோடு அறுத்தெடுக்கிறோம், புழுவோடு. அவர் அதிகம் பேசுவதில்லை. இன்று நான் வரப்பில் வழுக்கி விழுந்தபோது மட்டும், "மெதுவா நைனாரே. உங்களையும் சேத்து நான் பாத்துக்க முடியாது," என்றார்.

30.11.2024

புயல்மழை. வெளியே இறங்க முடியவில்லை. ஏரி நிறைந்துவிட்டது.

11.12.2024

எழுபத்து மூன்று. கணக்குப் பிசகவில்லை, எழத் தொடங்கிவிட்டன. இன்று முதல் காலை, மாலை இருவேளையும் இலைநுனி பார்த்து முட்டைக் குவியல்களைக் கிள்ளுகிறோம். ஏஞ்சலின் முட்டை ஒட்டுண்ணி அட்டைகள் கொண்டுவந்து கட்டிச் சென்றார். மணலை விடச் சிறிய குளவிகள் அவற்றிலிருந்து வந்து, எஞ்சிய முட்டைகளைத் தேடும்.

13.12.2024

நூற்றொன்பது.

16.12.2024

பன்னிரண்டு. குணசுந்தரி அம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "பன்னெண்டுதான் நைனாரே. முடிஞ்சிச்சி. நாளைக்கு நான் வர்ல, இடுப்பு உட்டுப் போச்சு."

"நேற்று பௌர்ணமி, அம்மா. விளக்குக்கு வரவில்லை, அவ்வளவே. பயிரில் இருக்கின்றன."

"நெஜமாவா?"

"இதில் மட்டும் நான் தவறமாட்டேன்."

ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். "அதான் ஒருவாட்டி தவறினீங்களே," என்று சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகி வயலில் இறங்கினார். பத்து மணிக்குள் முப்பத்தெட்டுக் குவியல் கிள்ளினோம். கடைசிப் பதினொன்றும் அவர் கிள்ளியவை.

"பேஜாரு புடிச்ச பூச்சி," என்றார். நெடுநாளைக்குப் பின் அவர் குரலில் சிரிப்பு.

29.12.2024

பதினேழு. அமாவாசை நெருங்கியும் பதினேழுதான். இது மெய்யான இறக்கம்.

8.1.2025

பால் பிடித்து முற்றுகிறது. வெண்கதிர் எண்ணினேன். கரையோரம் நூற்றுக்குப் பதினொன்று, உள்ளே மூன்று. நான் செய்தது பதினொன்றாய் நிற்கிறது. அதை மறைக்க வழியில்லை, மறைக்கவும் விரும்பவில்லை.

24.1.2025

அறுவடை முடிந்தது. பதினாறு மூட்டை. இருபது வந்திருக்க வேண்டிய நிலம். களத்தில் ஊராரும் ஏஞ்சலினும் இருக்க, குணசுந்தரி அம்மாள் உரக்கச் சொன்னார்: "நாலு மூட்ட நைனார் பூச்சிங்க துன்னுது. பதினாறு மூட்ட நைனார் காப்பாத்தினாரு."

ஏஞ்சலின் சிரித்துவிட்டார். நான் கைகூப்பினேன். இரண்டும் உண்மை.

27.1.2025

குணசுந்தரி அம்மாள் வீட்டுக்கு வந்தார். அமரச் சொன்னேன், அமர்ந்தார். நர்மதா தேநீர் தந்தாள்.

"அடுத்து நவரைப் பட்டத்துக்கு நாத்து எப்ப உடலாம் நைனாரே?"

அறுத்த தாளின் அடியில் புழு உறங்கும், முதலில் அதை உழுது நீரில் அமிழ்த்துங்கள் என்றேன். அதன்பின் பத்து நாள் கழித்து விதைக்கலாம். நாற்றைப் பிடுங்கியதும் அப்படியே நடாமல் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். தாய்ப்பூச்சி முட்டை வைப்பது அங்கேதான்.

"அவ்ளோ நாத்தையும் யாரு குந்திகினு கிள்றது?"

நான் வருகிறேன் என்றேன்.