கண்மாய்க்குள் நாற்பது அடி

பிப். 10, செவ்வாய்
காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. வில்லாபுரத்திலிருந்து வண்டியில் பரவை தாண்டி, கண்மாய்க்கரை பங்களா. வீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீருக்குள் நாற்பது அடிக்குப் பலகை மேடை வேண்டுமாம். படகு கட்ட, சாயங்காலம் நாற்காலி போட. பங்களாக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. கேட்டதெல்லாம் என் மேஸ்திரி செல்வராசு அண்ணனிடம்.
“எம்புட்டு ஆகும்?”
“எஞ்சினியர் மேடத்தக் கேளுங்க சார்.”
அப்போதும் பார்க்கவில்லை. திமிர்.

பிப். 11, புதன்
இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கம்பி குத்திப் பார்த்தோம். பதினோரு அடி சேறு. அதற்குக் கீழேதான் கெட்டித் தரை. செலவைக் கூட்டுபவை:
– தூண். வெளியே தெரிவதைவிட சேற்றுக்குள் போவது அதிகம்.
– உயரம். கண்மாய் நிறைந்தாலும் முழுகக் கூடாது.
– சந்து குறுகல். மிஷின் வராது, ஆட்கள்தான்.
– துருப்பிடிக்காமல் முலாம். தேக்கா, வேறு மரமா?
– அவசரம். மே மாதம் வற்றியபின் செய்தால் பாதி வேலை மிச்சம். ஏப்ரலில் மகன் வருகிறானாம், அதற்குள் வேண்டுமாம்.
– அனுமதி. கண்மாய் அரசுடையது. சொன்னதும் சிரித்தார். “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”
என் கையெல்லாம் சேறு. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

பிப். 13, வெள்ளி
எஸ்டிமேட் கொடுத்தேன். வரிக்கு வரி சண்டை. தூணைக் குறை, முலாம் வேண்டாம், பலகை மெலிசாக. இரண்டு மழையில் சாய்ந்துவிடும் என்றேன்.
“எனக்கே சொல்லித்தாரியா? சொந்த ஊரு எது?”
“உசிலம்பட்டி பக்கம்.”
“ஊருக்குள்ளயா, காலனியா?”
“காலனி.”
அதோடு என்னிடம் பேச்சு முடிந்தது. அண்ணனைத் தனியாக அழைப்பதுபோல் அழைத்து, என் காதில் விழவே சொன்னார்: மேடை நேராக வேண்டாம், இடப்பக்கம் மடங்கிப் படித்துறையை மறிக்க வேண்டும். அங்கே இந்த ஊர்க் காலனிப் பெண்கள் துவைக்கிறார்கள்.
“வேலி போட்டா சண்டைக்கு வருவாளுக. மேடை வந்துட்டா எவளும் எறங்க முடியாது. எம்புட்டு ஆனாலும் பரவால்ல, போடு.”
நாற்பது அடி எழுபதாகும். ஆணிக்குக்கூடப் பேரம் பேசிய வாய்!

பிப். 14, சனி
அவர் கேட்டபடியே வரைபடம் போட்டேன், படித்துறையையும் குறித்து. மதியம் படித்துறைக்குப் போனேன். பாண்டியம்மாள் என்ற பெண் துவைத்துக்கொண்டிருந்தாள்.
“அன்னைக்குக் கம்பி குத்துனீகள்ல? என்னத்துக்கு?”
சொன்னேன். துவைப்பதை நிறுத்திவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படியேறி வந்தாள். வரைபடத்தின் நகலைக் கொடுத்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள் என்றும் சொன்னேன்.

பிப். 16, திங்கள்
வேன் பிடித்துப் பதினாறு பெண்கள் போனார்களாம். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.
“ஆறு வருசமா ஒங்ககூட இருக்கேன். ஒரு வார்த்த சொல்லணும்ல? இனி இந்தப் பக்கம் எவன் நமக்கு வேல தருவான்?”
“அவருக்கு அத எப்படிண்ணே கட்டிக் குடுக்கச் சொல்றீக?”
“கட்டச் சொல்லல. ஏங்கிட்ட ஏன் மறைச்சீக?”
போய்விட்டார். அது மட்டும் வலிக்கிறது.

பிப். 17, செவ்வாய்
மேகமூட்டம். வி.ஏ.ஓ. வந்து, கண்மாய்க்குள் ஒரு குச்சிகூட ஊன்ற மாட்டேன் என்று பங்களாக்காரரிடம் எழுதி வாங்கினாராம். பாண்டியம்மாள் போனில் சொல்லிச் சிரித்தாள். அரை மணி நேரத்தில் அவரே போன்.
“என் பிளான எவகிட்டடி குடுத்த?”
“படித்துறைக்காரவுககிட்ட.”
வைத்தபிறகும் காது கொதிக்கிறது. செய்ததில் வருத்தம் இல்லை. நாலு மணிக்கு ஒரு வீட்டில் மாடிப்படி அளக்க வேண்டும். அண்ணன் போனை எடுக்கவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு செங்கல்லை வைத்து அழுத்திவிட்டு நானே அளந்துகொள்ள வேண்டியதுதான்.