இரும்புக் கேட்டுக்கு முன்னால் ஒரு வகுப்பு

வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் இன்று காலை உன் முகத்தைப் பார்த்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகிறது என்று பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதன் புது மை வாடை டீக்கடை வரைக்கும் அடித்தது. உன் தலைக்கு மேலே ‘அமைதியின் வடிவம்’ என்று பெரிய எழுத்து. கீழே வைத்தவர்களின் பெயர்கள். படித்தேன். ஒரு காலத்தில் உன்னை ‘பிள்ளைகளைக் கெடுக்க வந்தவள்’ என்று சொன்ன அதே ஆட்கள்.

அந்தப் படம் நான் எடுத்தது. உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரும்புக் கேட்டு. பிள்ளைகளையும் கேட்டையும் வெட்டிவிட்டார்கள். இப்போது நீ கண்ணைத் தாழ்த்தித் தியானம் செய்வதுபோல் இருக்கிறது. உண்மையில் நீ பூட்டை முறைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ அமைதியானவள் இல்லை. யாராவது ஒருவர் அதை எழுதி வைக்க வேண்டும்.

சேலத்திலிருந்து மாற்றலாகி இந்தப் பள்ளிக்கு நான் வந்த முதல் வருடம் அது. எட்டாம் வகுப்பில் காட்டைப் பற்றிய பாடத்தைச் சார்ட் மாட்டி நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே காடு நின்றுகொண்டிருந்தது. நீ வாசலில் வந்து நின்றாய். எனக்கும் உனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நர்சரியில் காப்பி நாற்றுக்கு மண் நிரப்பிவிட்டு நேராக வந்திருந்தாய், நகக்கண்ணில் செம்மண்.

“ஏனுங்க டீச்சர், சனிக்கிழம சனிக்கிழம இந்தப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறனுங்க. ஊட்டுல எல்லாம் சொல்லியாச்சு. நீங்களும் வாங்க.”

“என்ன சொல்லிக் கொடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“சொல்லிக் குடுக்கறதெல்லாம் இல்லீங்க. நடப்போம். அப்பறம் பேசுவோம்.”

எனக்கு அது வேலையாகவே படவில்லை. ஆனாலும் வந்தேன். என் வகுப்பில் இரண்டு கூட்டம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் விவசாயம் செய்கிறவர்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். கீழேயிருந்து வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் பிள்ளைகள் மறுபக்கம். பெஞ்சுகூட வேறு. ஒருநாள் கோகிலா, விவசாய வீட்டுப் பெண், லைன் வீட்டுப் பவித்ராவிடம் நேராகவே சொன்னாள்: “உங்க ஊடு எஸ்டேட்டுக்காரங்களுது. வேலை முடிஞ்சா நீங்க போயிருவீங்க. இந்த மல எங்களுது.”

நான் கோகிலாவை எழுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தேன். கேட்டாள். எதுவும் மாறவில்லை. நீ அவளைத் திட்டவே இல்லை. “சரி கண்ணு, உன் மலைய அவளுக்குக் காட்டு. அடுத்த வாரம் அவ உனக்குக் காட்டட்டும்” என்றாய்.

கோகிலா தன் வீட்டுச் சாமைக் காட்டையும் தாத்தா வைத்த பலாமரத்தையும் பெருமையாகக் காட்டினாள். அடுத்த சனிக்கிழமை பவித்ரா பின்வாங்கினாள். “எனக்குக் காட்ட ஒண்ணுமே இல்லீங்கக்கா” என்றாள்.

“ஏஞ்சாமி, நீ துணி அலச எங்க போற?”

“ஓடைக்கு.”

“அங்க போவோம்.”

காப்பித் தோட்டத்துக்குக் கீழே இறங்கும் பழைய தடத்தில் அவள் முன்னால் நடந்தாள். எந்தக் கல்லைப் புரட்டினால் நண்டு இருக்கும், மழை நின்று எத்தனையாவது நாளில் தண்ணீர் தெளியும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாறையிடுக்கிலிருந்து ஒரு விசில் கேட்டது, ஆள் விசிலடிப்பதைப் போலவே. “அது ஆளில்ல, குருவி. கருநீலமா இருக்கும். அசையாம இருந்தா வரும்” என்றாள். அசையாமல் இருந்தோம். வந்தது. கோகிலா அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. திரும்பும்போது பவித்ராவின் பக்கத்தில் நடந்து வந்தவள், “அடுத்த வாரமும் இங்கயே வரலாமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

என் மன்னிப்புப் பாடம் எவ்வளவு சப்பையானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து ஓடைக்கு மேலிருந்த சரிவு கைமாறியது. விடுதி கட்டத் தொடங்கினார்கள். ஒரு சனிக்கிழமை நாம் போனபோது தடத்தை மறித்து இரும்புக் கேட்டு, அதில் பூட்டு. பிள்ளைகள் உன்னைப் பார்த்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். நீ கேட்டுக்கு முன்னாலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாய். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

காவலாளி ஓடி வந்தார். “ஏம்மா, இங்க என்ன வேல?”

“வகுப்பு நடக்குதுங்கண்ணா. நீங்களும் உக்காருங்க.”

வாரா வாரம் அங்கேயே உட்கார்ந்தாய். கம்பி வழியாகத் தெரிந்த மரங்களைப் பிள்ளைகள் வரைந்தார்கள். மூன்றாவது வாரம் அந்தக் காவலாளியே கூச்சத்தோடு, “நேத்து காத்தால இங்கன காட்டுக்கோழி மேஞ்சுதுங்க” என்று வந்து சொன்னார். நான்காவது வாரம் வேறொரு காவலாளி நின்றார்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். நான் உன்னிடம் வந்து பயமாக இருக்கிறது என்றேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. “பயமா இருந்தா கடைசி வரிசைல நில்லுங்க டீச்சர். ஆனா நில்லுங்க” என்றாய். அன்று உன்மேல் கோபம் வந்தது. நின்றேன்.

கிராம சபைக் கூட்டத்தில் பிள்ளைகளே பேசட்டும் என்று விட்டாய். பவித்ரா எழுந்து, அந்தத் தடம் எல்லோருக்கும் பொது, ஊர் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். முன் நாற்காலியில் இருந்த ஒருவர் குறுக்கிட்டார். “அதெல்லாம் இருக்கட்டும். நீ எந்த ஊரும்மா?”

சிலர் சிரித்தார்கள். பவித்ரா உட்கார்ந்துவிட்டாள். அப்போது கோகிலா எழுந்தாள். “இந்த ஊருதானுங்க. எங்க தாத்தா காலத்துலருந்து நாங்க இங்க இருக்கறோம். ஆனா அந்த ஓடைய எனக்குக் காட்டுனதே இவதான். இவளப் போகச் சொன்னா எங்களையும் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். தலைச்சோலை கிராமத்து லைன் வீட்டில் பிறந்த உன்னிடம் வாழ்நாள் முழுக்க எத்தனை பேர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

மார்பில் கட்டி இருப்பது அப்போதே உனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. சேலம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீ உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சர்வேயர் வந்தாங்களா?” என்று மட்டும் கேட்டாய். தடத்தை அளக்கச் சொல்லி நாம் மனு கொடுத்திருந்தோம். வரவில்லை என்றேன். “மறுபடியும் மனு எழுதுங்க. நொம்ப மரியாதையா எழுதாதீங்க” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தது, ஆனால் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாய். அடுத்த வாரம் நீ இல்லை.

நீ போன பதினாறாம் நாள் தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். இனிமேல் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்ல மாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். “அந்தம்மாவே போயாச்சு. இனி எதுக்கு டீச்சர் வம்பு?” என்றார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொரு தாளில் எழுதினேன்: ‘விடுமுறை நாளில், பெற்றோர் சம்மதத்துடன், பொதுப்பாதையில் பிள்ளைகளோடு நடக்கிறேன். தொடர்ந்து நடப்பேன்.’ எழுத்து கோணலாக இருந்தாலும் கையெழுத்து என்னுடையதுதான்.

மூன்றாவது மனுவுக்குப் பிறகு சர்வேயர் வந்தார். பழைய வரைபடத்தில் தடம் தெளிவாக இருந்தது. அளந்து கல் நட்டார்கள். கேட்டின் ஒரு கதவைக் கழற்றினார்கள். மறு கதவை இன்னும் கழற்றவில்லை, அது துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் அதைத் தாண்டி இறங்கியபோது பவித்ரா அழுதாள், கோகிலா கூச்சல் போட்டாள். நான் உன்னைத் தேடினேன், பழக்கதோஷம். இப்போது இரண்டு பேரும் கீழே காலேஜில் படிக்கிறார்கள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு மேலே வந்து சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும், கோபத்தை விட்டுவிடு என்று என் அக்காகூடச் சொல்கிறாள். சேலத்திலேயே காலியிடம் இருக்கிறது, இறங்கி வா என்கிறாள். மாற்றல் விண்ணப்பத்தை நான் போடவில்லை. நீ எனக்கு விட்டுப்போனது சாந்தம் இல்லை, கோபம். அதை ஆறவிட மாட்டேன். ஆறிவிட்டால் நானும் உன்னை வெட்டி ஒட்டி வணங்க ஆரம்பித்துவிடுவேன்.

நேற்று ஓடைக்கு அக்கரையில் விடுதிக்காரர்கள் வேலிக்குப் புதுக் குழிகள் தோண்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து வந்து சொன்னார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்புகிறோம்.