வெளியே வந்த நாற்காலிகள்

இன்று சாயங்காலம் உதியன்குளங்கரையில் பஸ்சுக்கு நின்றபோது, பக்கத்துக் கடையில் ஏத்தங்காய்ச் சிப்ஸ் வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேங்காயெண்ணெய் மணத்தில், நம் சமூகப்பணி வகுப்பில், சமூகநீதிப் பாடவேளையில் பெஞ்சுக்கு அடியில் பொட்டலம் பிரிக்கும் உன் கை நினைவுக்கு வந்தது. உரிமை, பங்கேற்பு என்று நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். "நீ எழுது மக்கா, பரீட்சைக்கு முந்தி நான் பாத்துக்கிடுதேன்" என்று மெல்லுவாய். கள்ளி, மார்க் மட்டும் என்னைவிடக் கூடுதல் வாங்குவாய்.

களப்பயிற்சிக்கு நம்மை, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் எல்லையோரத்து வார்டு ஒன்றுக்கு அனுப்பினார்கள். ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காலனிக்கு ஒற்றையடிப் பாதைதான். சுகமில்லாதவர்களைத் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு வரவேண்டும். கிராமசபையில் வந்து வண்டி போக வழி கேளுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். பெண்கள் வந்தார்கள், ஆனால் பள்ளிக்கூட வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. காலனிக்காரர்கள் எப்போதும் வெளியேதான் நிற்பார்களாம்.

"இங்க நின்னாலும் காதுல விழும் மோளே" என்றார் காலனியின் சரோஜக்கா.

"நீங்க பேசது அவங்க காதுல விழாண்டாமா?" என்றாய்.

அவர் அசையவில்லை. நீயும் கெஞ்சவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாய். பிறகு இன்னொன்று. பயிற்சி மார்க் போச்சு என்று நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "இதெந்தா மோளே?" என்று வார்டு மெம்பர் எழுந்து வந்தார்.

"வெளிய நல்ல காத்து உண்டு சாரே. கூட்டத்த இங்க வைக்கலாம்."

அவர் முறைத்துப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். சபையே வராந்தாவுக்கு வந்தது. அன்று சரோஜக்கா உட்கார்ந்து பேசினார்.

வழி அவ்வளவு லேசில் வரவில்லை. வருஷங்கள் போயின. காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோதும் அதைத்தான் விசாரித்தாய். பாதி போட்டாச்சு என்றேன். "பாதி வழியில எறக்கிவிட்டா சுகமில்லாதவ என்ன செய்வா? நீ போய்ப் பேசு மக்கா." அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் நீ உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

போய்ப் பேசினேன், பலமுறை. இன்று சரோஜக்கா வீட்டு வாசல்வரை ஆட்டோவில் போனேன். குடிக்கக் கட்டன்சாயா தந்துவிட்டு, "உன்கூட வருமே அந்தப் பிள்ள, அது எங்க?" என்று கேட்டார். நீ போய்விட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி. அடுத்த கிராமசபைக்கு வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப முன்வரிசையில எனக்குப் பக்கத்துல அவளுக்கு இடம் உண்டுண்ணு சொல்லு" என்றார்.

அந்தச் சொல்லை உன்னிடம் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.